முழங்கால் தண்ணீரில் கொடுவா: அக்கா சொல்லும் கயாக் டிப்ஸ்

முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு முந்திரியும் பலாவும் தெரிந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் பழக்கமில்லை. ஆனால் விடியுமுன் கிளம்பி வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக வண்டியை விட்டால், வெயில் ஏறுவதற்குள் பரங்கிப்பேட்டை வெள்ளாற்றங்கரையில் நிற்கலாம். சிதம்பரம் சுற்றிப் போனால் கிள்ளையும் பிச்சாவரமும் இருக்கின்றன. கையில் ஒரு கயாக்கும் தூண்டிலும் வைத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் மாவட்டத்தில் இல்லை.

உங்களில் பலர் அமெரிக்கர்கள் கயாக்கில் உட்கார்ந்து ரெட்ஃபிஷ் பிடிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நம்ம ஊர்ல கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். வாலடியில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த மீன் நம் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது; மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழ்வது. நம் கடலில் அது இல்லை. அதே போல ஆழமில்லாத தண்ணீரில், நீரேற்றத்தோடு கரையோரம் வந்து இரை தேடும் பெரிய மீன் நமக்கும் உண்டு. அதுதான் கொடுவா. செந்நிற மீன்தான் வேண்டும் என்றால், கண்டல் வேரடியில் பதுங்கும் செப்பிலியும் இருக்கிறது. இங்கே நான் சொல்லப்போவது பெரும்பாலும் கொடுவாவைப் பற்றி. செப்பிலிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

எல்லா டிப்ஸுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மீனைத் தேடாதே, தண்ணீரைப் படி. தண்ணீர் எப்போது, எந்த வழியாக, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரிந்துவிட்டால் மீன் எங்கே நிற்கும் என்பது தானாகத் தெரியும்.

1. நாள்காட்டியிலிருந்து தொடங்கு

நம் கரையில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி நேரம். அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டித் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே உனக்கு முதல் கருவி.

கடலூர்க் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. பெரிய கடலுக்கு அது ஒன்றுமில்லை. முழங்கால் ஆழக் கழியில் இரண்டு சாண் தண்ணீர் கூடினால் புதிதாக ஒரு சேற்றுத் திட்டு முழுவதும் மீனுக்குத் திறந்துவிடும். குறைந்தால் அத்தனை மீனும் வாய்க்காலுக்குள் இறங்கியாக வேண்டும். அந்த நகர்வில்தான் கொடுவா சாப்பிடும். தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் தூண்டில் போடுவதைவிட நிழலில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுவது மேல்.

ஒரு எச்சரிக்கை: போனில் காட்டும் ஏற்ற வற்ற நேரம் கடலோரத்துக்கானது. முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக அது தாமதமாகும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் இன்னும் மாறும். முதல் நாள் ஒரு குச்சியைக் கரையோரச் சேற்றில் நட்டு, அடையாளம் கீறி, உன் இடத்துக்கான நேரத்தை நீயே குறித்துக்கொள்.

2. எந்த மாதம், எந்த நேரம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளாறும் கொள்ளிடமும் வெள்ளம் கொண்டுவரும்போது கழிப்பக்கமே போகாதே. தண்ணீர் கலங்கி, வேகமாக, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு வரும். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது நம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் பார்த்த ஊர் இது. கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் கயாக் வீட்டிலேயே இருக்கட்டும்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்தபின் கண்ணுக்கு வேலை சுலபம். கொடுவா சூடான தண்ணீரை விரும்பும் மீன். மார்கழிக் குளிரில் மந்தமாக இருக்கும். மாசி, பங்குனியில் சுறுசுறுப்பாகிவிடும். சித்திரை, வைகாசி வெயிலிலோ ஆழமில்லாத தண்ணீர் கொதித்துவிடும் என்பதால் விடிகாலையும் மாலையும் மட்டுமே நல்ல நேரம்.

காற்றையும் கணக்கில் வை. காலையில் அமைதியாக இருக்கும் கழி, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் அலையடிக்கும். கயாக் லேசானது, காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகும். அதனால் விடிந்ததும் இறங்கு, 11 மணிக்குள் கரையேறு. போகும்போது நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடு. களைத்துத் திரும்பும்போது அதே ஓட்டம் உன்னைக் கொண்டுவந்து விடும்படி நேரத்தை அமைத்துக்கொள்.

3. எங்கே இறங்கலாம், எங்கே கூடாது

பிச்சாவரம் காப்புக் காடு. 2022-ல் ராம்சர் தளமாகவும் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அதற்குள் சொந்தக் கயாக்கை இறக்குவதும் தூண்டில் போடுவதும் வேண்டாம். சுற்றுலாப் படகுத்துறையில் படகு எடுத்து ஒரு முறை உள்ளே போய்வா. கண்டல் காட்டுக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதை அங்கே பார்த்துப் படிக்கலாம். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து, பட்டுப்போன பகுதிகளில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத் தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கழுவி வெளியே வந்தது. செத்த நிலத்தில் மறுபடி கண்டல் வளர்ந்தது. அந்தக் கிளை வாய்க்கால் பெரிய வாய்க்காலில் சேரும் மூலையை நன்றாகப் பார்த்துக்கொள். எந்தக் கழியிலும் கொடுவா நிற்கும் இடம் அப்படிப்பட்ட மூலைதான்.

மீன் பிடிக்க, பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகத்தின் திறந்த பகுதியைப் பார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கும் கரை அது. அங்கே நட்டு வளர்த்த கண்டலும் உண்டு. எந்தக் கரையானாலும் அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்கு. அவர்கள் வலை விரித்திருக்கும் வழியைக் குறுக்கே கடக்காதே.

பழைய கொள்ளிடம் பக்கம் மட்டும் கயாக் வேண்டவே வேண்டாம். சிதம்பரத்தை அடுத்த கிராமங்களில் அந்த ஆற்றில் முதலை உண்டு. ஆற்றில் இறங்கிய ஆட்களையும் ஆடுகளையும் இழுத்திருக்கிறது.

துடுப்புப் பழகக் கழிக்குப் போகத் தேவையில்லை. நெய்வேலி சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் வந்து சேரும் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் நமக்குப் பக்கம். ஊர்ப் பெரியவர்களிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் சொல்லிவிட்டு, தூண்டில் இல்லாமல் கரையோரத்தில் பழகு. இடுப்பளவுத் தண்ணீரில் கயாக்கை நீயே கவிழ்த்து, மறுபடி ஏறி உட்காரக் கற்றுக்கொள். இது வராதவரை கழியில் இறங்காதே.

4. படகும் உடுப்பும்

மேலே உட்காரும் வகை கயாக்தான் நமக்கு நல்லது. கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் தேங்காது, திரும்ப ஏறலாம். 10 முதல் 12 அடி நீளம் போதும். நங்கூரத்துக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியை எடுத்துக்கொள். சேற்றில் சத்தமில்லாமல் குத்தி, படகைக் கயிற்றால் கட்டிவிட்டால் ஓட்டத்தில் நகராது. கயிற்றைப் படகின் நுனியில் கட்டு. பக்கவாட்டில் கட்டினால் ஓட்டம் படகைப் புரட்டிவிடும்.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைக்காதே, போட்டுக்கொள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதுதான் விதி. சேறு காலை இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நீச்சல் உதவாது. தங்கைகளே, துப்பட்டா வேண்டாம். முழுக்கைச் சட்டை, டிராக் பேண்ட், இறுகக் கட்டிய கூந்தல், தாடைக்கு நாடா வைத்த தொப்பி, அடி தடித்த கேன்வாஸ் ஷூ. ஆளி ஓடு வெறுங்காலைக் கிழித்துவிடும். சேற்றில் இறங்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நட. அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும்.

தில்லை மரத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள். கிளை ஒடிந்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்டல் ஓரத்தில் எந்தக் கிளையையும் பிடித்துப் படகை நிறுத்தும் பழக்கமே வேண்டாம்.

போலராய்டு கண்ணாடி கட்டாயம் வேண்டும். தண்ணீரின் மேற்பரப்பில் அடிக்கும் கூச்சத்தை அது நீக்கிவிடும். அடியில் சேறு கலங்குவதும் மீன் நிழல் நகர்வதும் தெரியும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்.

5. தூண்டிலைத் தொடுமுன் கண்ணால் தேடு

இடத்துக்குப் போனதும் பத்து நிமிடமாவது சும்மா உட்கார். பார்க்க வேண்டியவை இவை:

• மடவைக் குஞ்சுகள். ஒன்றிரண்டு துள்ளினால் அது விளையாட்டு. ஒரே திசையில் கொத்தாகச் சிதறித் தெறித்தால் அடியில் ஏதோ துரத்துகிறது.

• சத்தம். கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பாட்டில் மூடியைப் பிடுங்கியது போல "டொப்" என்று கேட்கும். கேட்ட திசையை மனதில் வை.

• பறவைகள். கொக்கும் நாரையும் ஒரே ஓரத்தில் வரிசையாக நின்றால் அங்கே பொடிமீனும் இறாலும் ஒதுங்கியிருக்கின்றன.

• தண்ணீரின் தோல். காற்றில்லாத நேரத்தில் கூர்முனையாக ஒரு கோடு தண்ணீரைப் பிளந்துகொண்டு போனால், பெரிய மீன் முதுகை மேலே வைத்து நகர்கிறது. சேறு புகைந்த தடம் தெரிந்தால் சற்றுமுன் அங்கே இருந்தது.

• வாய்க்கால் வாய். தண்ணீர் ஏறும்போது கொடுவா கண்டல் வேர்களுக்கு இடையிலும் திட்டின் ஓரத்திலும் ஏறிப்போகும். வற்றும்போது கிளை வாய்க்கால் பெரிய வாய்க்காலில் விழும் இடத்தில் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். பொடிமீன் எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் உன்னுடைய நேரம்.

• நிழலும் கட்டைகளும். விழுந்த மரம், பழைய பாலத் தூண், வேர்க்குவியல். ஓட்டம் அடிக்காத பின்புறத்தில் மீன் சக்தியைச் சேமித்துக்கொண்டு காத்திருக்கும்.

ஆழமில்லாத தண்ணீரில் சத்தம் வெகுதூரம் போகும். துடுப்பு படகில் இடிக்கக்கூடாது, தண்ணீர்ப் பாட்டில் உருளக்கூடாது. பெட்டிக்கு அடியில் பழைய சாக்கை விரித்துவிடு.

6. ராட், நரம்பு, இரை

6 முதல் 7 அடி ராட், நடுத்தர ஸ்பின்னிங் ரீல், 15 அல்லது 20 பவுண்டு பிரெய்டு நரம்பு. முனையில் 30 முதல் 40 பவுண்டு தாங்கும் தடித்த நைலான் லீடர் இரண்டு முழம் கட்டாயம். கொடுவாவின் வாயோரம் அரம் போன்றது, செவுள் மூடியோ கத்தி. மெல்லிய நரம்பை ஒரே தலையாட்டலில் அறுத்துவிடும்.

உயிர் இறாலைவிட நல்ல இரை கிடையாது. முள்ளைத் தலையின் கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கருமையான இடத்தில் படாமல் கோத்தால் இறால் நெடுநேரம் உயிரோடு துள்ளும். மடவைக் குஞ்சானால் மேலுதட்டில் கோர். வட்ட முள் 2/0 அல்லது 3/0 வாங்கிக்கொள். அதில் மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக்கூடாது. நரம்பு நகர்ந்ததும் நிதானமாகச் சுற்றினால் முள் உதட்டோரத்தில் தானே ஏறும். மீனை விடுவிப்பதும் சுலபம்.

இறாலைக் கிள்ளைப் பக்கத்து இருளர் மக்களிடம் விலை கொடுத்து வாங்கு. தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடித்துப் பறியில் போடும் திறமை அவர்களுடையது. எந்தத் திட்டில் எந்த மாதம் என்ன இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கருவியும் சொல்லாது. மரியாதையோடு கேள், வழிகாட்ட வந்தால் அன்றைய கூலியைக் கொடு. அவர்கள் தடவிக்கொண்டிருக்கும் இடத்தில் தூண்டில் போடாதே. அது அவர்களின் அன்றாடச் சோறு.

செயற்கை இரை என்றால் 3, 4 அங்குல மென்ரப்பர் மீன் போதும். விடிகாலையில் மேற்பரப்பில் "பொளக்" என்று ஓடும் பாப்பர். எதுவானாலும் இரண்டு சுற்று, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில்தான் கொடுவா அடிக்கும்.

மீன் தலைமேல் வீசாதே. அது போகும் திசைக்கு முன்னால், இரண்டு பாக தூரம் தள்ளி விழட்டும். வேரோரத்திலும் ஓட்டத்துக்கு மேற்பக்கம் வீசி, தண்ணீரே இரையை மீனிடம் கொண்டுபோகும்படி விடு.

7. மீன் மாட்டிய பிறகு

முதல் வேலை, மீனை வேர்களிடமிருந்து திருப்புவது. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழு. கொடுவா தண்ணீருக்கு மேல் எகிறித் தலையை உதறும். அந்த நொடியில் நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். டிராக்கை இறுக்கி வைக்காதே. நல்ல மீன் கயாக்கையே கொஞ்ச தூரம் இழுக்கும், இழுக்கட்டும். மூங்கில் கழியின் கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டிருந்தால் இங்கே கைகொடுக்கும்.

மீன் பக்கத்தில் வந்ததும் எழுந்து நிற்காதே. உன் தலை படகின் விளிம்பைத் தாண்டினால் படகு உன்னோடு சாயும். கால்களை அகட்டி உட்கார்ந்து, வலைக்கூடையைத் தண்ணீரில் வைத்து மீனை அதற்குள் கொண்டுவா. செவுளுக்குள் விரலை விடாதே, ஆழமாக வெட்டும். ஈரத் துணியைச் சுற்றிக் கீழ்த்தாடையைப் பிடி. செப்பிலியானால் தாடைப்பக்கமும் கை வேண்டாம், கோரைப்பல் உண்டு. கெளிறு மாட்டினால் முதுகு முள்ளும் பக்க முட்களும் குத்தாமல் இடுக்கியால் கழற்று.

8. எதை எடுத்து வருவது, எதை விடுவது

அக்கா அழுத்திச் சொல்வது இதைத்தான். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். கழியில் திரியும் நடுத்தர மீன்கள் பெரும்பாலும் ஆண். கிலோக்கணக்கில் கனத்த பெரியவை பெரும்பாலும் பெண். ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அதைத் தூக்கிப் போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், வரப்போகும் பல ஆண்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக் கொண்டுவந்தாய் என்று அர்த்தம்.

ரெட்ஃபிஷுக்கு நடந்ததைக் கேள். 1980-களில் பால் ப்ரூடோம் என்ற லூசியானா சமையல்காரர் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷைப் பிரபலமாக்கினார். நாடு முழுக்க ஹோட்டல்கள் கேட்டன. கடலில் பெரிய மீன் கூட்டங்களை வளைத்துப் பிடித்தார்கள். மீன் வேகமாகக் குறைந்தது. பிறகு கூட்டரசின் கடற்பகுதியில் அதைப் பிடிக்கத் தடை வந்தது. கரையோர மாநிலங்கள் குறிப்பிட்ட நீளத்துக்குச் சிறியதையும் பெரியதையும் விட்டுவிட்டு நடுத்தரத்தை மட்டும் எடுக்கலாம் என்று அளவு வைத்தன. இன்று நீ வீடியோவில் பார்க்கும் ரெட்ஃபிஷ் அந்தக் கட்டுப்பாட்டின் பலன்.

நீயும் உனக்கென்று அதே அளவை வைத்துக்கொள். முழம் நீளம் எட்டாத குஞ்சை விடு. கைக்கு அடங்காத பெரியதையும் விடு. வீட்டுக்கு வேண்டிய ஒரு நடுத்தர மீன் போதும். சாப்பிட மேலும் வேண்டுமென்றால் வளர்ப்புக் கொடுவா சந்தையில் கிடைக்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டிவிட்டது.

விடும்போது மீனைத் தூக்கி எறியாதே. தண்ணீரிலேயே முள்ளைக் கழற்று. தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து வயிற்றைத் தாங்கிப் பிடி. அதுவே வாலை அடித்துக் கிளம்பும்வரை காத்திரு.

எடுத்து வரும் மீனுக்கு ஐஸ் பெட்டி அவசியம். பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, மீன் ஒரு கிலோ என்றால் ஐஸும் ஒரு கிலோ போட்டு மூடு. பரங்கிப்பேட்டையிலிருந்து முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் நம் வெயிலில் அப்போதுதான் சதை கெடாமல் வரும்.

முதல் பயணம்

வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஏதாவது ஒரு காலையைத் தேர்ந்தெடு. தனியாகப் போகாதே, இரண்டு படகு, இரண்டு ஆள். எங்கே இறங்குகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று வீட்டில் சொல். போனை நீர்புகாத பையில் போட்டு உடம்போடு கட்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், ஒரு விசில், ஒரு சிறு கத்தி.

தூண்டிலை அன்றைக்கு வீட்டிலேயே வை. முழு ஏற்றத்திலிருந்து பாதி வற்றும்வரை ஒரே வாய்க்கால் வாயில் உட்கார்ந்து பார். எந்தத் திட்டு முதலில் வெளியே தெரிகிறது, மடவை எந்த ஓரமாக இறங்குகிறது, "டொப்" சத்தம் எந்த மூலையில் கேட்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள். அடுத்த முறை தூண்டிலோடு போகும்போது எங்கே வீசுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.